ஆநிரை காத்தவர் தெய்வமான வரலாறு

சேலம் – ஜோலார்பேட்டை இருப்புப்பாதையில், சேர்வராயன் மலையடிவாரத்தில் அமைந்த பொம்மிடியையும் அதனை அடுத்த பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் வட்டாரங்களையும் உள்ளடக்கிய பழைய தகடூர் நாடு நடுகற்கள் மிகுந்த நிலமாகும். நடுகல் என்பது போரிலோ கால்நடை மீட்பிலோ உயிர்விட்ட வீரனின் உருவையும், சில வேளைகளில் அவன் பெயரையும் செயலையும் பொறித்து நாட்டப்படும் கல். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் இத்தகைய கற்கள் பலவற்றை ஊரார் வேடியப்பன் என்னும் பெயரால் வழிபடுகின்றனர். மரத்தடியில் வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் அவ்வுருவத்துக்குப் பொங்கலிட்டுப் படைப்போருள் பலர் அதில் பொறித்த பெயரை அறியாவிடினும், மடிந்தவனுக்குரிய மரியாதை தலைமுறை தலைமுறையாகத் தவறாமல் சென்று சேர்கிறது.

ஆடுமாடுகளே செல்வமாயிருந்த இந்த மேட்டுநிலத்தில் பகைவரின் மந்தையைக் கவர்வது வெட்சி என்றும், கவர்ந்ததை மீட்பது கரந்தை என்றும் பெயர் பெற்றன. கல்லைத் தேர்ந்து காண்பது தொடங்கி, நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரையிலான நடுகல் சடங்கின் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்வதோடு, போர்த்தெய்வமாகிய கொற்றவையின் வழிபாட்டையும் வெட்சியோடு சேர்த்தே வைக்கிறது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் கிடைத்த, முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல், எருமைகளைக் காத்து மாண்ட வீரனுடன், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் அவனது நாயையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது. அரசர்களின் மெய்க்கீர்த்திகளில் இடம்பெறாத ஓர் எளிய உயிருக்கு இங்கே கல்லில் இடம் கிடைத்தது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

கடல்களுக்கு அப்பால், கெல்ட்டியர் எனப்படும் பழைய ஐரோப்பிய மக்களின் மொழி வழங்கிய அயர்லாந்திலும் மந்தை கவர்தலே பெருங்கதைக்குக் கருவாயிற்று. கன்னாக்ட் நாட்டு அரசி மேவ், அல்ஸ்டர் நாட்டுக் காளையொன்றைக் கவரப் படையெடுத்ததையும், கூஹுலின் என்னும் இளைஞன் தனியனாய் நின்று அதனைத் தடுத்ததையும் ‘டாயின்’ என்னும் பழங்கதை விரித்துரைக்கிறது. அவன் பெயருக்கே ‘குலனின் வேட்டைநாய்’ என்பது பொருள். கொற்றவையை நினைவூட்டும் போர்த்தெய்வமான மோரிகன் அவனை எதிர்த்து வருவதும், இறுதியில் நின்றபடியே சாக விரும்பி அவன் தன்னை ஒரு நெடுங்கல்லோடு பிணைத்துக்கொள்வதும், பறவையொன்று தோளில் வந்தமர்ந்த பின்னரே பகைவர் அவனை நெருங்கத் துணிவதும் அவன் கதைகளில் இடம்பெறுகின்றன.

இந்த ஒற்றுமையைக் கொண்டு இரு இனங்களுக்கும் உறவு கற்பிப்பது பிழையாகும். மந்தையை நம்பி வாழ்ந்தோர் மந்தைக்காக மடிந்தவனை மறக்கவில்லை என்ற அளவே அது காட்டுகிறது. வேறுபாடு அதனினும் பெரிது. அயர்லாந்தின் பழந்தெய்வங்களும் வீரர்களும், கிறித்தவம் பரவிய பின் துறவியர் மடங்களில் எழுதப்பட்ட ஏடுகளின் வழியே நமக்குக் கிடைத்திருக்க, தகடூர் நாட்டு வீரனோ நட்ட கல்லிலேயே இன்றும் படையல் பெறுகிறான். அந்தக் கல்லின் மேல் சிமெண்ட் பூசுவதும் வண்ணம் அடிப்பதும் பக்தியால் நிகழ்வனவே எனினும், அவற்றால் அவன் பெயரைத் தாங்கிய எழுத்துகள் மறைந்துபோகின்றன. வேடியப்பனுக்குப் புதுக்கோயில் எடுக்கும் ஊரார், பூச்சு வேலை தொடங்குமுன் கல்லில் எழுத்து உண்டா என்று பார்த்து, இருந்தால் தொல்லியல் துறையினரை அழைத்துப் படியெடுக்கச் செய்ய வேண்டும்.