சிவப்புச் சாயம் காட்டிக்கொடுத்த வெள்ளையணு

இரத்தப் பரிசோதனை அறிக்கை ஒன்றை எடுத்துப் பாருங்கள். வெள்ளையணுக்கள் என்ற தலைப்பின் கீழ் ஐந்து பெயர்கள் இருக்கும். நியூட்ரோஃபில்தான் பெரிய ஆள், பாதிக்கு மேல் அதுதான். அதற்குக் கீழே எங்கோ ஈசினோஃபில் என்று ஒரு சின்ன எண் இருக்கும். நூறு வெள்ளையணுக்களில் பொதுவாக ஐந்தாறுக்கு மேல் அது இருக்காது. ஆனால் நுரையீரல் பழுதான ஒருவர் மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில், இந்தச் சின்ன எண் நிறையச் சொல்லும். அதை வாசிக்க மருத்துவம் நூறு வருடங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

முதலில் நோய். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சுருக்கமாக சிஓபிடி. சிகரெட்தான் பெரிய காரணம். விறகடுப்புப் புகையும் ஒரு காரணம். அதனால்தான் வாழ்நாளில் ஒரு சிகரெட்கூடத் தொடாத, ஊரில் பல வருடம் அடுப்பு ஊதிய பாட்டிகளுக்கும் இது வருகிறது. மூச்சுக்குழாய்கள் சுருங்கி, காற்றுப் பைகள் சிதைந்து, நோய் மெதுவாக வளரும். நடுநடுவே திடீரென்று மோசமாகும்: இருமல், சளி, மூச்சிரைப்பு எல்லாம் ஒன்றாகக் கூடும். அந்த நாட்கள்தான் ஆபத்தானவை. அந்த நாட்களில் இரத்தமும் மாறுகிறது.

இந்தக் கதை 1879இல் பெர்லினில் ஆரம்பிக்கிறது. பால் எர்லிக் என்ற 25 வயது மருத்துவருக்குச் சாயங்கள் என்றால் பைத்தியம். அப்போது ஜெர்மன் தொழிற்சாலைகள் நிலக்கரித் தாரிலிருந்து புதுப்புதுச் சாயங்களைச் செய்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று ஈசின் என்ற சிவப்புச் சாயம். எர்லிக் அதைக் கண்ணாடித் தகட்டில் காய்ந்த இரத்தத்தின் மேல் பூசினார். சில வெள்ளையணுக்களுக்குள் இருந்த மணிகள் மட்டும் பளிச்சென்று சிவந்தன. ஈசினை விரும்பும் அணு என்ற பொருளில் அதற்கு ஈசினோஃபில் என்று பெயர் வந்தது. அது உடம்பில் என்ன செய்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

தமிழ் வீடுகளில் 'ஈஸ்னோபீலியா' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். தும்மலுக்கும் இழுப்புக்கும் அம்மாக்கள் சொல்லும் பெயர். அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அன்றைய மெட்ராஸ் மாகாணத்து மதனப்பள்ளியில் ஒரு காசநோய் மருத்துவமனை இருந்தது. அங்கே வந்த சிலருக்கு இருமலும் இழுப்பும் இருந்தன, ஆனால் காசநோய் இல்லை. ஈசினோஃபில் மட்டும் மிக அதிகம். ஃபிரிமோட் மோலரும் பார்ட்டனும் 1940இல் இதை எழுதினார்கள். யானைக்கால் நோய்ப் புழுக்களுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பே காரணம் என்று பிறகு தெரிந்தது. அது வேறு நோய். ஆனால் இந்த அணு நுரையீரலோடு சம்பந்தப்பட்டது என்பதை அதுவும் காட்டியது.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை நிலக்கரிப் புகைமூட்டம் மூடியது. ஏறக்குறைய 4,000 பேர் இறந்ததாக முதலில் கணக்கிட்டார்கள். பிந்தைய ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. ஏற்கெனவே மார்புச்சளியோடு வாழ்ந்தவர்கள் அதில் நிறையப் பேர். 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. ஈசினோஃபிலைக் காட்டிய சாயமும் நிலக்கரியிலிருந்துதான், இவர்களின் மூச்சை அடைத்த புகையும் நிலக்கரியிலிருந்துதான்.

அதே காலத்தில் ஸ்டீராய்டு மருந்துகள் வந்தன. அவை இரத்தத்தில் ஈசினோஃபிலைக் குறைக்கும் என்பது 1948 வாக்கிலேயே தெரியும். இங்கிலாந்தின் டார்பி நகரத்தில் ஹாரி மாரோ பிரவுன் என்ற மருத்துவர் தன் ஆஸ்துமா நோயாளிகளின் சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சளியில் ஈசினோஃபில் இருந்தவர்களுக்கு ஸ்டீராய்டு நன்றாக வேலை செய்தது. இல்லாதவர்களுக்குச் செய்யவில்லை. 1958இல் அதை வெளியிட்டார். யாருக்கு எந்த மருந்து என்று ஓர் அணுவே சொல்ல முடியும் என்ற யோசனை அது. ஆனால் அது வெகுகாலம் ஓரமாகவே கிடந்தது.

சிஓபிடி மோசமானால் எல்லோருக்கும் ஒரே வைத்தியம்: ஸ்டீராய்டு மாத்திரை, பல சமயம் கூடவே ஆன்டிபயாடிக். ஸ்டீராய்டு சும்மா போகாது. சர்க்கரையை ஏற்றும், எலும்பைத் தேய்க்கும்.

2011இல் லெஸ்டர் நகர ஆய்வாளர்கள், மோனா பஃபாதெல் உட்பட, ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார்கள். வெளியே ஒரே மாதிரி தெரியும் மூச்சிரைப்பு உள்ளே ஒன்றல்ல. சிலருக்கு பாக்டீரியா, சிலருக்கு வைரஸ், சிலருக்கு ஈசினோஃபில். அடுத்த வருடம் ஒரு பரிசோதனை செய்தார்கள். இரத்தத்தில் ஈசினோஃபில் 2 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் ஸ்டீராய்டு என்று வைத்துப் பார்த்தார்கள். எண் குறைவாக இருந்தவர்களில், ஸ்டீராய்டு எடுத்தவர்களைவிட எடுக்காதவர்களே நன்றாகத் தேறினார்கள்.

அப்படியென்றால் எண் குறைவாக இருப்பது நல்லதா? அதுவும் இல்லை. 2012இல் வடகிழக்கு இங்கிலாந்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 920 சிஓபிடி நோயாளிகளை ஆராய்ந்தார்கள். ஈசினோஃபில் மைக்ரோலிட்டருக்கு 50க்குக் கீழே விழுவது, மரண ஆபத்தைக் காட்டும் ஐந்து அறிகுறிகளில் ஒன்றாக வந்தது. கடுமையான தொற்று வந்தால் உடம்பு தானே ஸ்டீராய்டைச் சுரக்கும், ஈசினோஃபில் இரத்தத்திலிருந்து மறையும், நியூட்ரோஃபில் ஏறும். அதாவது உடம்பு எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறது என்பதையும் இந்த எண் காட்டுகிறது.

2024இல் இன்னொரு படி. ஈசினோஃபிலைக் குறிவைத்து அழிக்கும் பென்ரலிசுமாப் என்ற ஊசியை, ஈசினோஃபில் அதிகமாக இருந்த 158 ஆஸ்துமா, சிஓபிடி நோயாளிகளிடம் சோதித்தார்கள். 90 நாட்களில், ஸ்டீராய்டு மட்டும் எடுத்தவர்களில் 74 விழுக்காட்டினருக்கு வைத்தியம் பலிக்கவில்லை. ஊசி போட்டவர்களில் அது 45 விழுக்காடு. இது இரண்டாம் கட்டச் சோதனைதான், பெரிய சோதனை இனித்தான் உறுதிசெய்ய வேண்டும்.

நம்மில் பலர் டாக்டரிடம் தாத்தா பாட்டிக்கு மொழிபெயர்க்கும் பிள்ளைகள். அடுத்த முறை அந்த அறையில் இருக்கும்போது ஒரு கேள்வி கேட்கலாம்: "இவருடைய ஈசினோஃபில் எவ்வளவு? ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன் எடுத்த எண்ணா, பின் எடுத்ததா?" மாத்திரை தொடங்கிவிட்டால் எண் விழுந்துவிடும், அதனால் இரண்டாவது பாதியும் முக்கியம். முடிவு டாக்டருடையது, நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆனால் அந்தக் கேள்வியைத் தமிழிலும் அந்த நாட்டு மொழியிலும் கேட்கக்கூடிய ஒரே ஆள், பல சமயம், அந்த அறையில் நீங்கள்தான்.