ரோஷம்: முஹம்மத் அலியின் கோபங்கள்

தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு எல்லா மதத்தாரும் போவார்கள். கற்பிட்டியிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் நம்மவர்கள் கடை போடவும் போவார்கள். சின்ன வயதில் அங்கே ஒரு படக்கடையில், அன்னம்மாளுக்கும் எம்.ஜி.ஆருக்கும் இடையில் முஹம்மத் அலியின் படம் தொங்கியதைக் கண்டேன். கீழே ஒருவர் மல்லாந்து கிடக்க, வலக்கையை நெஞ்சுக்குக் குறுக்கே மடித்து, வாய் திறந்தபடி அலி நிற்கும் படம். வாப்பா அதை வாங்கிவந்து முன்னறையில் மாட்டினார். வெற்றியின் படம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம்.

உண்மையில் அது கோபத்தின் படம். 1965 மே 25ஆந் திகதி, அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து லூயிஸ்டன் நகரில், முதற் சுற்றிலேயே சொனி லிஸ்டன் விழுந்துவிட்டார். அந்தக் குத்து சரியாகப் பட்டதா என்று சந்தேகிப்பவர்கள் இன்றும் உண்டு. 'எழும்பி வந்து சண்டை பிடி' என்று அலி கத்திய கணத்தைத்தான் நீல் லைஃபர் என்ற புகைப்படக்காரர் பிடித்தார். எதிரி விழுந்தால் நடுநிலை மூலைக்குப் போய் நிற்க வேண்டும் என்பது விதி. அலி போகவில்லை. அவரை அப்புறப்படுத்துவதிலேயே மத்தியஸ்தர் மினக்கெட, எண்ணிக்கை குழம்பிப்போனது. விழுந்தவனை விட்டு விலகி நிற்கச் சொல்லும் அந்த விதி, அடித்தவனின் கோபத்துக்கும் போடப்பட்ட வேலிதான்.

வடசென்னையில் கோபத்துக்கு வேலி போடவில்லை, விளம்பரம் போட்டார்கள். 'ரோஷமான குத்துச்சண்டை' என்றே அங்கே அதற்குப் பெயர். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் பிரிந்து நின்றன. ஒருவன் தோற்றால் அவனது பரம்பரையே தலைகுனிந்தது. 2021இல் வந்த பா. ரஞ்சித்தின் படத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அந்த ரோஷம் மேடையோடு நிற்காமல் பார்வையாளர்களுக்குள்ளும் இறங்கி அடிதடியானதும் வரலாறுதான். 1980இல் அலியே அந்த நகருக்கு வந்து, ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியொன்றில் இறங்கினார்.

நமது நாட்டிலோ இந்த விளையாட்டு ஆங்கிலப் பாடசாலைகள் வழியாக, கனவான்களின் ஒழுக்கப் பயிற்சியாக வந்து சேர்ந்தது. 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் பார்னி ஹென்றிகஸ் தங்கம் வென்றது அந்த மரபிலிருந்துதான். ரோஷம் என்ற சொல்லை அந்த மரபு வாயில் எடுத்திருக்காது. அடக்கி வைத்த கோபமும் கோபந்தான் என்பது வேறு விடயம்.

கோபம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1962 மார்ச் 24 சாட்சி. அன்று நியூயோர்க்கில் எமில் கிரிஃபித்தும் கியூபாக்காரரான பென்னி பாரெட்டும் மோதினார்கள். எடை பார்க்கும் இடத்தில் பாரெட், கிரிஃபித்தின் ஆண்மையை இழித்து ஒரு சொல் சொல்லியிருந்தார். 12ஆம் சுற்றில் பாரெட் கயிற்று மூலையில் சிக்கினார். கிரிஃபித்தின் கைகள் ஓயவில்லை. மத்தியஸ்தர் தலையிடப் பிந்திவிட்டது. நினைவு திரும்பாமலே ஏப்ரல் 3ஆந் திகதி பாரெட் இறந்தார். கிரிஃபித் அதற்குப் பிறகும் பல வருடங்கள் போட்டிகளில் இறங்கினார், ஆனால் பழைய மூர்க்கத்தோடு யாரையும் அடிக்க அவரால் முடியவில்லை.

உண்மையான பலசாலி மற்போரில் ஆளைச் சாய்ப்பவனல்லன், கோபம் வரும்போது தன்னை ஆளுபவனே என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் குத்பாக்களில் கேட்டு வளர்ந்திருக்கிறோம். கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், வுழூ செய்யட்டும் என்ற வழிகாட்டலும் உண்டு. ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் வீரனை முக்காலியில் இருத்தி, முகத்தில் தண்ணீர் தெளித்து, பயிற்றுநர் காதோடு பேசும் அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். ஒப்பீடு மிகையோ என்னவோ. முகத்தில் அடிப்பதை மார்க்கம் தடுத்திருப்பதையும், மக்காவின் ஃபிக்ஹ் சபை 1987இல் இந்த விளையாட்டையே ஹராம் என்று தீர்மானித்ததையும் மறைத்துவிட்டு அலியைக் கொண்டாடுவது நேர்மையாகாது.

அலியிடமும் இந்த நோய் இருந்தது. 1964இல் இஸ்லாமியப் பெயர் சூடிய பிறகும் எர்னி டெரெல் அவரைக் கிளே என்றே அழைத்தார். 1967 பெப்ரவரி 6ஆந் திகதி ஹூஸ்டனில், 'என் பெயர் என்ன?' என்று கேட்டுக் கேட்டே 15 சுற்றுகளும் அலி அவரை அடித்தார். பெயரின் மானத்துக்காக எழுந்த கோபம் என்று நாம் பெருமைப்பட்டோம். ஆனால் கண் வீங்கிய ஒருவரை, தோல்வி நிச்சயமான பிறகும், அவமானப்படுத்துவதற்காகவே அடித்தது எந்த மானத்தில் சேர்த்தி?

ஏழு வருடங்கள் கழித்துக் கின்ஷாசாவில் வேறொரு அலி தெரிந்தார். 1974 ஒக்டோபர் 30. எதிரே ஜோர்ஜ் ஃபோர்மன்: 40 போட்டிகள், 40 வெற்றிகள். அலி கயிற்றில் சாய்ந்து கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். இவ்வளவுதானா உன் பலம் என்று காதருகே சீண்டினார். ஃபோர்மன் இன்னும் வேகமாக அடித்தார். கோபக்காரனுக்கு மூச்சு அடைபடும், தோள் இறுகும், கை அகல வீசும். அப்படி அடிக்கிறவன், அடி வாங்குகிறவனைவிடச் சீக்கிரம் களைத்துப்போவான். 8ஆம் சுற்றில் ஃபோர்மன் சாய்ந்தார். அன்று கோபம் முழுவதும் ஃபோர்மனுடையதாக இருந்தது, பயன் முழுவதும் அலியுடையதாக.

எதிரிக்குக் கோபமூட்டும் அந்த வித்தைக்கு ஒரு கடன் இருந்தது. வியட்நாம் போருக்குப் போக மறுத்து அலி தடைபட்டிருந்த காலத்தில் அவருக்குப் பணம் கொடுத்தவர் ஜோ ஃப்ரேசியர். உரிமம் திரும்பக் கிடைக்கவும் பேசியவர். அந்த மனிதரை அலி வெள்ளையரின் கையாள் என்றார். 1975 மணிலாப் போட்டிக்கு முன் கொரில்லாவென்று சொல்லி, றப்பர் பொம்மையைக் குத்திக் காட்டிச் சிரிக்க வைத்தார். டிக்கட் விற்பதற்கான பேச்சுத்தான். ஆனால் ஒரு கறுப்பு மனிதனை இன்னொரு கறுப்பு மனிதன் குரங்கு என்றது ஃப்ரேசியரின் வீட்டுக்குள்ளும் போனது, பிள்ளைகளின் பாடசாலைக்கும் போனது. 14 சுற்றுகளுக்குப் பின், கண் தெரியாத ஃப்ரேசியரை அவருடைய பயிற்றுநர் எடி ஃபட்ச் எழும்ப விடவில்லை. போட்டி அங்கே முடிந்தது, கோபம் முடியவில்லை. 1996இல் பார்க்கின்சன் நோயால் நடுங்கும் கையுடன் அலி அட்லாண்டாவில் ஒலிம்பிக் சுடரை ஏற்றியபோது உலகமே கண் கலங்கியது. ஃப்ரேசியரோ, அவரை அந்தத் தீக்குள் தள்ளிவிட்டிருப்பேன் என்றார்.

2001இல் பத்திரிகையொன்றின் வாயிலாக அலி மன்னிப்புக் கேட்டார். பத்திரிகையிடம் கேட்டது போதாது, என்னிடம் நேரில் கேட்கட்டும் என்பதாக ஃப்ரேசியர் பின்னர் சொன்னார். வாப்பாவின் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். ஓரத்தில் கறையான் அரித்துவிட்டது.

ஃப்ரேசியர் 2011 நவம்பர் 7ஆந் திகதி இறந்தார். ஃபிலடெல்ஃபியாவில் நடந்த இறுதிச் சடங்கில், எல்லோரும் எழுந்து நின்று அவருக்காக ஒருமுறை கைதட்டுங்கள் என்று ஜெஸி ஜாக்சன் கேட்டுக்கொண்டார். நடக்கவே சிரமப்பட்ட அலியும் எழுந்து நின்று கைதட்டினார்.