பெற்றோர் எழுதிய குறிப்பேடுகள்: ஆட்டிச ஆய்வு வரலாற்றில் தாய் தந்தையர்

ஆய்வுச் சுருக்கம்

ஆட்டிசம் உடைய குழந்தைகளைப் பற்றிய தொடக்ககால மருத்துவ அறிவு, பெற்றோர் எழுதி அளித்த குறிப்புகளைப் பெரிதும் சார்ந்து எழுந்தது. அக்குறிப்புகளே பின்னர் அப்பெற்றோரின் மனக்குறைக்குச் சான்றாக வாசிக்கப்பட்டன. 1960களில் மீண்டும் ஆய்வுத் தரவாக மதிப்புப் பெற்றன. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நிகழ்ந்த இம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆட்டிசம், குழந்தை உளமருத்துவம், பெற்றோர், லியோ கானர், பெர்னார்ட் ரிம்லாண்ட், கிளாரா பார்க்.

முன்னுரை

குழந்தையின் நடத்தை இயல்புக்கு மாறாக இருப்பின் பழி முதலில் சென்று சேர்வது வளர்ப்பின் மீதே. இது ஊர்ப்பேச்சின் இயல்பு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வூர்ப்பேச்சு மருத்துவக் கோட்பாடாகவே உயர்த்தப்பட்டது. அதன் சுமையை ஏற்றவர்கள் பெரும்பாலும் தாய்மார். ஆட்டிசத்திற்கு மதியிறுக்கம் என்னும் தமிழ்ச்சொல் வழக்கில் உண்டு. எனினும் அறிவு இறுகிவிட்டது என்னும் பொருளை அச்சொல் ஏற்றிவிடுவதால், ஆட்டிசம் என்பதே இங்கு ஆளப்படுகிறது.

33 பக்கக் கடிதம்

1938ஆம் ஆண்டு, மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூரான ஃபாரஸ்டிலிருந்து வழக்கறிஞர் ஒருவர் தம் மகன் டொனால்டைப் பற்றி 33 பக்கக் கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்து, பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் குழந்தை உளமருத்துவர் லியோ கானருக்கு அனுப்பினார். மருத்துவர்களின் அறிவுரைப்படி அச்சிறுவன் ஏறத்தாழ ஓராண்டு பெற்றோரைப் பிரிந்து ஒரு காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தான். பெற்றோர் அவனைத் திரும்ப அழைத்துக்கொண்ட பின்னரே கானரைச் சந்தித்தனர். மகன் எப்போது எப்பாடலைப் பாடினான், எப்பொருளைச் சுழற்றி மகிழ்ந்தான், யாருடைய வருகையையும் எவ்வாறு பொருட்படுத்தாதிருந்தான் என்பனவெல்லாம் அக்கடிதத்தில் நிரல்பட இடம்பெற்றன.

கானர் 1943இல் வெளியிட்ட ஆய்வுரை 11 குழந்தைகளைப் பற்றியது. 8 சிறுவர், 3 சிறுமியர். அவ்வுரையின் முதல் குழந்தை டொனால்ட். குழந்தைகளின் முதல் ஆண்டுகளைப் பற்றி மருத்துவர் நேரில் கண்டது எதுவுமில்லை. அப்பகுதி முழுவதும் பெற்றோரின் நினைவிலிருந்தும் ஏட்டிலிருந்துமே பெறப்பட்டது. பிறர்மேல் உணர்வுத் தொடர்பு கொள்ள இயலாமை இக்குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அமைந்தது என்னும் முடிவும் அக்குறிப்புகளின் துணையாலேயே கிட்டியது.

சான்று குற்றச்சாட்டாதல்

ஆயினும் அதே ஆய்வுரை பெற்றோரையும் ஆராய்ந்தது. தந்தையருள் நால்வர் உளமருத்துவர். 11 தாய்மாருள் 9 பேர் பட்டதாரிகள். உளமார்ந்த கனிவுடைய பெற்றோர் இவர்களுள் மிகச் சிலரே என்று கானர் எழுதினார். குழந்தை 25 சமய வினாவிடைகளைக் கற்றது, 37 பாடல்களைப் பாடியது, 18 சிம்பொனிகளைப் பிரித்தறிந்தது என ஆண்டுகள் பல கழிந்த பின்னும் பெற்றோர் எண்ணிச் சொல்வது, அவர்தம் மனப்பிடிவாதத்திற்கு எடுத்துக்காட்டு எனவும் கருதினார். நோயை அறியத் துணைநின்ற ஏடே, அதை எழுதியவரின் நோய்க்கும் அடையாளமாயிற்று.

இவ்வாசிப்பில் எளிய பிழை ஒன்று உண்டு. தொலைவிலிருந்து பால்டிமோர் வரை ஒரு குழந்தையை அழைத்துவரும் பொருள்வளமும், நீண்ட குறிப்பு எழுதும் கல்வியும் உடையோரே கானரிடம் வந்தனர். மேலும், முகம் பாராத, அழைத்தால் திரும்பாத, உறங்காத ஒரு குழந்தையை வளர்ப்பவர் எண்ணி எண்ணிக் குறித்துவைப்பது அவ்வளர்ப்பின் விளைவு. அதனைக் குழந்தையின் நிலைக்குக் காரணமாகக் கொள்வது முன்பின் மாற்றிக் கூறுவதாகும். குழந்தையின் தனிமை வாழ்வின் தொடக்கத்திலேயே காணப்படுவதால் எல்லாவற்றையும் பெற்றோர் உறவின்மேல் ஏற்றுவது கடினம் என்று 1943இல் எழுதியவரும் கானரே. 1941இல் தாய்மாருக்கு ஆதரவாகத் தனிநூலே எழுதிய அவர், 1949இல் இக்குழந்தைகளைப் பனி உருகாத குளிர்பதனப் பெட்டியில் ஒழுங்காக வைக்கப்பட்டவர்களுக்கு ஒப்பிட்டார். அவ்வுவமையிலிருந்து ‘குளிர்பதனப் பெட்டித் தாய்’ என்னும் வழக்குப் பரவியது.

காலச்சூழலும் இதற்கு இடந்தந்தது. போருக்குப் பிந்தைய அமெரிக்க உளமருத்துவத்தில் உளப்பகுப்பாய்வு மேலோங்கியிருந்தது. மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்னும் கருத்தை 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் முன்வைத்தார். சிகாகோவில் ஒரு சிறப்புப் பள்ளியை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம், நாஜிகளின் வதைமுகாம்களில் தாம் சிறையிருந்த பட்டறிவைக் கொண்டு குழந்தையின் நிலையைக் கைதியின் நிலைக்கு ஒப்பிட்டார். அவ்வொப்புமையில் காவலரின் இடம் யாருக்கு வாய்த்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதே மருத்துவம் என்றாயிற்று. தன் தலையைத் தானே மோதிக்கொள்ளும் குழந்தையை இரவில் எவ்வாறு காப்பது என்று கேட்ட தாய்க்குக் கிடைத்தது பெரும்பாலும் அவருக்கான உளப்பகுப்பாய்வே.

முற்றுகையும் வினாப்படிவமும்

பெட்டல்ஹைமின் ‘வெற்றுக் கோட்டை’ வெளியான 1967ஆம் ஆண்டிலேயே கிளாரா கிளேய்போர்ன் பார்க்கின் ‘முற்றுகை’ என்னும் நூலும் வெளிவந்தது. இலக்கியம் கற்பித்த ஒரு தாய் தம் நான்காம் குழந்தையின் முதல் எட்டாண்டுகளைப் பதிவு செய்த நூல் அது. இரண்டும் போர் உருவகத்தையே கையாள்கின்றன. முன்னதில் பெற்றோரின் பகைக்கு அஞ்சிக் குழந்தை கோட்டை எழுப்புகிறது. பின்னதில் தாய் அக்கோட்டையை நாள்தோறும் பொறுமையுடன் முற்றுகையிடுகிறார். கானர் மனப்பிடிவாதம் எனக் கண்ட நுணுக்கமே பார்க்கிடம் வளர்ப்பு முறையாக அமைகிறது. ஒரு சொல், ஒரு குவளை, ஒரு படி என எதையும் சிறு கூறுகளாக்கிப் பழக்குவதற்குக் குறிப்பேடு இன்றியமையாததாயிற்று. ஆட்டிசம் பற்றிய தாய்மொழிவுகளுள் இதற்கு இணையானவை சிலவே எனலாம்.

கோட்பாட்டு அளவில் பழியை உடைத்தவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராகப் பணியாற்றிய அவர், ஆட்டிசம் உடைய மகனின் தந்தை. 1964இல் வெளிவந்த அவரது நூல், பெற்றோரே காரணம் என்பதற்குச் சான்றில்லை என நிறுவியது. அதற்கு முன்னுரை வழங்கியவர் கானரே. நூலின் இறுதியில் இணைக்கப்பட்ட வினாப்படிவத்தைப் பெற்றோர் நிரப்பி அவருக்கு அனுப்பலாயினர். 33 பக்கங்களில் தனியொரு தந்தை எழுதியது இங்கு ஒப்பிட்டுக் கணக்கிடத்தக்க தரவாக மாறியமை நோக்கத்தக்கது. 1965இல் ரிம்லாண்டும் பிற பெற்றோரும் தேசிய அளவில் ஒரு சங்கம் அமைத்தனர்; இங்கிலாந்தில் 1962இலேயே பெற்றோர் சங்கம் தோன்றியிருந்தது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான உளமருத்துவர் லோர்னா விங்கும் ஆட்டிசம் உடைய மகளின் தாயாவார்.

சிகாகோவில் பயின்ற எரிக் ஷோப்ளர், 1971இல் பெற்றோர் பலியாடுகள் ஆக்கப்பட்டதை எழுதினார். வட கரோலினாவில் அவர் உருவாக்கிய திட்டத்தில் பெற்றோர் மருத்துவரின் துணைவராயினர். 1969இல் பெற்றோர் சங்கக் கூட்டத்தில் கானரும் அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார். 1977இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் ஆகியோர் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒருகரு இரட்டையர் 11 இணைகளுள் நான்கில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. இருகரு இரட்டையர் 10 இணைகளுள் ஒன்றிலும் அவ்வாறில்லை. மரபுக்கூறின் பங்கு இவ்வாறு புலனாயிற்று.

எழுதப்படாத ஏடுகள்

இவ்வரலாற்றில் வெற்றி பெற்றோர் பெரும்பாலும் எழுதத் தெரிந்தோர். ‘குளிர்பதனப் பெட்டித் தாய்மார்’ என்னும் தலைப்பில் 2002இல் வெளியான ஆவணப்படத்தில் கறுப்பினத் தாய் ஒருவர் தம் பட்டறிவைக் கூறுகிறார். அவர் வெள்ளையர் அல்லர். கல்வி பெற்றிருக்கமாட்டார் என்றும் கருதப்பட்டது. ஆகவே அவர் மகனுக்கு ஆட்டிசம் இருக்க இயலாது என முடிவு செய்யப்பட்டு, உணர்ச்சிக் கோளாறு உடையவன் என்று பெயரிடப்பட்டது.