ஏரிக்கரைக் காட்சியும் ‘ஸ்வான் லேக்’கின் நீடுவாழ்வும்

செவ்வியல் பாலேக்கள் நூறாண்டு கடந்தும் மேடையில் நிற்பதற்கு அவற்றின் மாறாத மூலவடிவமே காரணம் என்பது பரவலான நம்பிக்கை. அதற்குச் சான்றாக அடிக்கடி சுட்டப்படும் ‘ஸ்வான் லேக்’கின் வரலாறே அந்நம்பிக்கையை மறுக்கிறது. 1877இல் மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில் யூலியஸ் ரைசிங்கரின் நடன அமைப்பில் அரங்கேறிய அந்தப் படைப்பு பெரிய வரவேற்பைப் பெறவில்லை. இன்று உலகம் அறிந்திருப்பது, 1895இல் பீட்டர்ஸ்பர்க்கின் மாரின்ஸ்கி அரங்குக்காக மாரியஸ் பெத்திபாவும் லெவ் இவானோவும் புதிதாக அமைத்த வடிவத்தின் வழிவந்தது. இசையமைத்த சைக்கோவ்ஸ்கி அதற்குள் மறைந்துவிட்டார். அவருடைய தம்பி மொதெஸ்த் கதையைத் திருத்தினார். ரிக்கார்டோ த்ரீகோ இசையை வெட்டியும் ஒட்டியும் அடுக்கினார். தொடக்கக் காட்சிக்கென எழுதப்பட்ட இருவர் நடன இசை மண்டபக் காட்சிக்கு நகர்ந்தது. நடனமணி பியரினா லெஞ்ஞானி 32 முறை ஒற்றைக்காலில் சுழன்று காட்டியது அந்த இசையின் இறுதிப் பகுதிக்குத்தான். ஆக, ‘மூலம்’ என்று போற்றப்படுவதே ஒரு திருத்தப் பதிப்பு.

அப்படியானால் நிலைத்தது எது? இவானோவின் ஏரிக்கரைக் காட்சி என்பதே என் துணிபு. சைக்கோவ்ஸ்கி நினைவாக 1894இல் இது தனியே மேடையேறியது. தனி வயலின் இசைக்க, மந்திரத்தால் அன்னமாக்கப்பட்ட ஒடெட் மெல்லப் பின்சாய்ந்து இளவரசனின் கைகளில் தங்குகிறாள். செல்லோ சேர்ந்துகொள்ளும்போது இருவரும் ஒரே உரையாடலுக்குள் வந்துவிடுகிறார்கள். சுற்றிலும் வரிசை கட்டிய அன்னங்கள் வெறும் அலங்காரமல்ல. அவளுடைய சிறைவாசத்தைப் பங்கிட்டுக்கொண்டவர்கள். நான்கு சிறிய அன்னங்கள் முன்னால் கைகளைக் குறுக்காகக் கோத்தபடி ஆடும்போது ஒருத்தியின் தலை பிந்தினாலும் நடனம் கெடும். பொருள் இங்கே தனித்திறனில் இல்லை, கூட்டத்துக்கும் ஒருத்திக்கும் உள்ள உறவில் இருக்கிறது. அந்த உறவு உறுதியாக இருப்பதால்தான் மற்றவை மாற முடிந்தது. 1895இல் இளவரசனாக ஆடிய பாவெல் கெர்டுக்கு வயது ஐம்பது. ஒடெட்டைத் தாங்க நண்பன் பென்னோவும் துணை நின்றான். பிற்காலத்தில் பென்னோ அந்த நடனத்திலிருந்து விலக்கப்பட்டான். காட்சிக்குக் குறை வரவில்லை. முடிவும் மாறியது. 1895இல் காதலர் இறந்தனர். 1950இல் லெனின்கிராட்டில் கான்ஸ்டான்டின் செர்கேயெவ் அவர்களை வெற்றியோடு வாழவைத்தார். புயலுக்குப் பின் மேஜர் சுரவரிசையில் முடியும் இசை இரண்டுக்கும் இடம் தருகிறது.

எல்லாம் சைக்கோவ்ஸ்கியின் இசையால்தான் என்று ஒருவர் வாதிடலாம். அந்த இசை 1877லேயே இருந்தது. ரைசிங்கரின் நடனத்தை அது காப்பாற்றவில்லை. சைக்கோவ்ஸ்கியோடு ஒப்பிட அதோல்ஃப் ஆதாமின் இசை எளியது. ஆயினும் அவர் இசையமைக்க 1841இல் பாரிஸில் பிறந்த ‘ஜிசெல்’, அங்கே 1868இல் கைவிடப்பட்டபின்னும் பீட்டர்ஸ்பர்க்கில் பிழைத்து, 1910இல் தியாகிலெவின் குழுவோடு பாரிஸ் திரும்பியது. நிறுவனங்களின் ஆதரவே காரணம் என்பது இதைவிட வலுவான மறுப்பு. நிகொலாய் செர்கேயெவ் ரஷ்யாவிலிருந்து கொண்டுவந்த நடனக் குறியீட்டு ஏடுகள் இல்லாமல் 1934இல் லண்டன் மேடை ‘ஸ்வான் லேக்’கைப் பெற்றிருப்பது கடினம். ஆனால் பெத்திபாவின் ‘ஃபாரோவின் மகள்’ (1862) பீட்டர்ஸ்பர்க்கின் அதே பாலே நிறுவனத்தின் ஆதரவில் பல்லாண்டு கொண்டாடப்பட்டது, அதே ஏடுகளில் பதிவும் ஆயிற்று, இருந்தும் வழக்கொழிந்தது. ஆதரவும் பதிவும் தேவை. அவை மட்டும் போதா.

இத்தனை மாறியபின் அது அதே படைப்புதானா என்ற கேள்வி எஞ்சுகிறது. 1995இல் மாத்யூ போர்ன் ஆண்களையே அன்னங்களாக்கி, இவானோவின் அடவுகளையும் விட்டுவிட்டார். அங்கேகூடக் கூட்டத்தின் நடுவே நிற்கும் ஒற்றை அன்னம் என்ற அமைப்பு மறையவில்லை என்பது என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. குறியீட்டு ஏடுகளைக் கொண்டு அலெக்ஸெய் ரத்மான்ஸ்கி 2016இல் ஜூரிக்கில் செய்த மீட்டுருவாக்கம் மிக மதிப்புள்ளது. அதையும் ஒரு பதிப்பாகவே கொள்ள வேண்டும், தீர்ப்பாக அல்ல. பெத்திபாவின் பெயருக்குப் பின்னால் நெடுங்காலம் ஒதுங்கி நின்ற இவானோவுக்கு, ஏரிக்கரைக் காட்சியின் ஆசிரியர் என்ற உரிய இடத்தை ஆய்வாளர்களும் அரங்குகளும் தயங்காமல் தர வேண்டும்.