சிசிலியில் புறப்பட்ட பதினான்கு வரி

ஷேக்ஸ்பியர் பெயரோடு சேர்த்தே நாம் படித்த சானட் என்ற பதினான்கு வரிக் கவிதை, இங்கிலாந்தில் பிறந்ததல்ல. 13-ஆம் நூற்றாண்டில், சிசிலியை ஆண்ட இரண்டாம் ஃபிரெட்ரிக்கின் அரசவையில் நோட்டரியாக இருந்த ஜாகோமோ தா லென்டினிதான் அதை முதலில் கட்டியவர் என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. பத்திரம் எழுதிய கை! அடுத்த நூற்றாண்டில் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், தாம் காதலித்த லாராவைப் பாடிய தொகுப்பில் 317 சானட்டுகளைச் சேர்த்தார். ஐரோப்பாவே அவரைப் பார்த்து எழுதத் தொடங்கியது.

1527-இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் தூதுக்குழுவோடு இத்தாலி போய்வந்த கவிஞர் தாமஸ் வயட், பெட்ரார்க்கை ஆங்கிலத்தில் ஆக்கிப் பார்த்தார். அங்கே ஒரு சிக்கல். இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிபவை, இயைபுக்குப் பஞ்சமில்லை. அதனால் பெட்ரார்க் முதல் எட்டு வரிகளையும் இரண்டே இயைபொலிகளில் ஓட்டிவிடுவார். ஆங்கிலத்துக்கு அது மூச்சுமுட்டும் வேலை. வயட்டுக்கு இளையவரான சர்ரே பிரபு கட்டைத் தளர்த்தினார்: நான்கு வரிகளாக மூன்று அடுக்கு, முடிவில் ஓர் ஈரடி, இயைபொலிகள் ஏழு வரை. ஷேக்ஸ்பியருடையது என்று நாம் சொல்லும் வடிவம் இதுதான். அதற்குரிய பெருமை சர்ரேக்குப் போய்ச் சேரவில்லையே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

வயட் 1542-இல் இறந்தார். ராஜத்துரோகக் குற்றம் சாட்டி 1547-இல் சர்ரேயின் தலையை வெட்டினார்கள். அதுவரை கையெழுத்துப் பிரதிகளாக நண்பர்களிடையே சுற்றிய இருவர் கவிதைகளையும் 1557-இல் நூலாக்கியவர் ரிச்சர்ட் டாட்டல். சட்டப் புத்தகம் அச்சிடுவதே அவர் பிழைப்பு. அந்நூல் மறுபதிப்பு மேல் மறுபதிப்பாக விற்றது.

விற்கும் சரக்கென்றால் களவும் வரும். 1591-இல் ஃபிலிப் சிட்னியின் சானட்டுகளைத் தாமஸ் நியூமன் உரிமையில்லாமல் அச்சிட்டார். 1599-இல் வில்லியம் ஜாகர்ட் 20 கவிதைகளைத் திரட்டி, முகப்பில் ஷேக்ஸ்பியர் பெயரைப் போட்டார். அவற்றில் ஷேக்ஸ்பியர் எழுதியவை ஐந்தே. 1609-இல் தாமஸ் தோர்ப் 154 சானட்டுகளை வெளியிட்டார். ஷேக்ஸ்பியரிடம் கேட்டுத்தான் அச்சிட்டாரா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை.

பின்னர் மவுசு குறைந்த சானட்டை 1784-இல் மீட்டவர்களில் முதன்மையானவர் சார்லட் ஸ்மித். கணவர் கடனுக்காகச் சிறையில் இருக்க, சொந்தச் செலவில் அவர் அச்சிட்ட சானட்டுகள் நன்றாக விற்றன. வேர்ட்ஸ்வொர்த் அவரை விரும்பிப் படித்தவர்.

கடன் இன்னொரு கவிஞரையும் துரத்தியது. சென்னையில் ஆசிரியராக இருந்து ஆங்கிலக் கவிதை எழுதிய மைக்கேல் மதுசூதன தத்தர், 1860-களில் பிரான்சின் வெர்சாயில் பணமின்றித் தவித்தபடி வங்காளியில் சானட்டுகள் எழுதினார். நூற்றாண்டின் இறுதியில், சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் சூரியநாராயண சாஸ்திரி, பரிதிமாற் கலைஞர் என்ற பெயரில், ‘தனிப்பாசுரத் தொகை’யில் பதினான்கு வரிப் பாக்களைத் தமிழில் தந்தார். அவற்றை ஜி.யு. போப் ஆங்கிலத்தில் பெயர்த்தார்.