கேட்டதும் காட்டியதும்



கல்முனைக் கடைத்தெருவில் ஒலிப்பெட்டி வாங்கச் செல்பவரிடம் ஒரு வணிகர் அளவுகள் அச்சிட்ட தாளை நீட்டுவார், மற்றொருவரோ, “தாள் எதற்கு? காதால் கேட்டுப் பாருங்கள்” என்பார். பள்ளிவாசலுக்கு ஒலிபெருக்கி வாங்கும் நம்பிக்கையாளருக்கு இது சிறிய காரியமன்று. கையிலிருப்பது ஊரார் கொடுத்த பணமல்லவா?

இந்த வழக்கு நம் வாவிக்குப் புதியதன்று. தெற்கே கல்முனை வரை நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியில், நிலவுக் காலத்து இரவுகளில் நீருக்கடியிலிருந்து இன்னோசை எழும் என்பது பழைய செய்தி. இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த சர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற், 1848 செப்டெம்பரில் படகேறிச் சென்று அதனைத் தம் காதாலேயே கேட்டார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது பிறக்கும் ஒலிக்கு அதனை ஒப்பிட்டார். படகின் மரத்தில் காதை வைத்தபோது ஓசை பெருகிற்று. நம்மவர் துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறு முனையில் காதை வைத்துக் கேட்பதும் இதே முறைதான்.

ஓசை உண்டு என்பதற்குக் காது போதிய சாட்சி. ஆனால் ஓசை எதனுடையது? உலகம் அதனை மீனின் பாட்டென்று சொல்லிக்கொண்டது. தெனன்ற்றிடம் மீனவர் கொண்டுவந்து காட்டியதோ மீனையன்று, ஊரியை! அழும் ஊரி என்று பொருள்படும் பெயரொன்றும் அவர்கள் வழக்கில் இருந்தது. படகின் மரம் ஓசையைப் பெருக்கியதே தவிர, பாடியவரைக் காட்டவில்லை. எடின்பரோவில் கிராண்ட் என்னும் அறிஞர், கடல்வாழ் நத்தையினப் பிராணியொன்றைக் கண்ணாடிக் கலத்தில் இட்டு, அது எழுப்பிய ஒலியைக் கேட்டிருந்தார். அங்கும் கேட்டது காதுதான்; ஆயினும் கலத்திலிருந்த பிராணியே ஒலித்தது என்பதில் ஐயமில்லை.

ஏற்பாட்டைச் செய்பவர் விற்பவரானால் என்ன நேரும்? 1915இலிருந்து எடிசனின் நிறுவனம் அமெரிக்க நகரங்களில் சபைகளைக் கூட்டிப் பாடகரையும் இசைத்தட்டையும் மாறி மாறி ஒலிக்கச் செய்தது. சில வேளை மண்டபத்தின் விளக்கையும் அணைத்தனர். எது குரல், எது தட்டு என்று பிரித்தறிய முடியவில்லை என்று சபையோர் வியந்தனர். அங்ஙனம் பாடிய அன்னா கேஸ் என்னும் அம்மையார் பல்லாண்டுகளின் பின் உண்மையைச் சொன்னார்: உரத்துப் பாடினால் தம் குரல் பொறியை மிஞ்சிவிடும் என்பதால், பொறியின் குரலுக்கு இசையவே தாம் பாடினாராம். தட்டு மனிதரைப் போலப் பாடவில்லை, நேயர்களே. மனிதர்தாம் தட்டைப் போலப் பாடினார்.

அளவுத்தாளையும் முற்றாக நம்புவதற்கில்லை. அதை எழுதியவரும் விற்பவரே.

ஆகவே நம்பிக்கையாளர் இரண்டு பெட்டிகளையும் திரைக்குப் பின்னே வைக்கட்டும். உரத்து ஒலிப்பதே நல்லதென்று காது மயங்குவது இயல்பாதலால், இரண்டின் ஒலியளவும் ஒன்றாயிருக்கட்டும். வணிகரல்லாத ஒருவர் பெயர் சொல்லாமல் மாற்றி மாற்றி இயக்கட்டும். பிறகு வேறொருவர் கடற்கரைக்கு நடந்து சென்று, அலையோசைக்கு நடுவே பாங்கின் சொற்கள் பிரிந்து கேட்கின்றனவா என்று சற்று நேரம் நின்று பார்த்து வரட்டும்.