பளியரின் தோற்றம்: வரலாறும் மரபணுவியலும்

பளியர் என்போர் தமிழகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பழனி மலை, சிறுமலை, வருசநாட்டு மலை ஆகியவற்றிலும் வாழும் பழங்குடி மக்கள். விருதுநகர் மாவட்டத்தில் கூமாப்பட்டி, வத்திராயிருப்பு, திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்களுக்கு மேற்கே மலையடிவாரத்தில் இவர்களுடைய குடியிருப்புகள் உள்ளன. அத்திகோவில், தாணிப்பாறை, செண்பகத்தோப்பு ஆகியவை அவற்றுள் சில. 2025ஆம் ஆண்டில் கூமாப்பட்டி சமூக ஊடகங்களில் திடீரெனப் பெயர் பெற்றபோது பிளவக்கல் அணையும் அதன் பின்னணி மலையும் பரவலாகப் பேசப்பட்டன. அம்மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பளியர் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

பளியரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே விடையைத் தருவர்: இவர்கள் எவரோடும் கலவாத ஆதிகுடிகள். இவ்விடை பாதியளவே சரி.

பெயரும் மொழியும்

‘பழையர்’ என்ற சொல்லே ‘பளியர்’ எனத் திரிந்தது என்ற கருத்து உண்டு. இவர்கள் பேசுவது தமிழின் ஒரு வட்டார வழக்கு. தேன், கிழங்கு, கடுக்காய், நெல்லி போன்றவற்றைக் காட்டில் சேகரித்து வாழ்ந்த ஒரு கூட்டம் சமவெளியின் மொழியையே தாய்மொழியாகக் கொண்டிருப்பது கவனிக்கத்தக்கது. மலைக்கும் கீழ்நாட்டுக்கும் இடையே நெடுங்காலமாகப் போக்குவரத்து இருந்திருக்க வேண்டும்.

அயலார் எழுதியவை

பழனி மலைப் பளியரைப் பற்றி தாமன் என்ற பாதிரியார் 1908இல் எழுதினார். அடுத்த ஆண்டு எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரியின் துணையுடன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலிலும் பளியர் இடம்பெற்றனர். தலையையும் மூக்கையும் அளந்து இனம் பிரித்த காலம் அது. ஆனைமலைக் காடர் தம் முன்பற்களைக் கூராகச் செதுக்கிக்கொள்வதைக் கண்ட தர்ஸ்டன், மலாய்த் தீபகற்பத்தின் ஜாகுன் மக்களிடமும் அவ்வழக்கம் இருப்பதைச் சுட்டினார். இத்தகைய ஒப்புமைகளிலிருந்து, தென்னிந்திய மலைவாசிகளும் மலாயாக் காட்டு மக்களும் அந்தமானியரும் ‘நெக்ரிட்டோ’ என்ற ஒரே இனத்தின் கிளைகள் என்ற கொள்கை வளர்ந்தது. பல்லைச் செதுக்கும் வழக்கத்தைக் கொண்டு வம்சாவளி எழுத முடியாது என்பது இன்று எளிதாகத் தெரிகிறது. ஆனால் அக்கொள்கை 1930கள் வரை செல்வாக்கோடு இருந்தது.

1962 முதல் 1964 வரை பளியரோடு தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் வேறு கேள்வியை எழுப்பினார். சண்டை வந்தால் எதிர்த்து நில்லாமல் விலகிப்போவதும், ஒருவரை ஒருவர் அதிகாரம் செய்யாததும் பளியர் இயல்பு என்று அவர் பதிவுசெய்தார். வலிமை மிக்க அண்டை மக்களின் நெருக்குதலும் இதற்கு ஒரு காரணம் என்று அவர் கருதினார். அப்படியானால் அவர்கள் தனித்தீவாக இருந்தவர்கள் அல்லர்.

மரபணுச் சான்று

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களும் பங்கேற்ற ஓர் ஆய்வு 2012இல் வெளிவந்தது. தமிழகத்தின் 12 பழங்குடிக் குழுக்கள், 19 பிற சமூகங்கள் ஆகியவற்றைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோம்கள் இதில் ஆராயப்பட்டன. தந்தைவழி மரபில் பெரும்பகுதி இரு சாராருக்கும் பொதுவானது என்றும், குழுக்களிடையே உள்ள வேறுபாடு முதன்மையாக அவர்களின் பிழைப்பு முறையோடு தொடர்புடையது என்றும் அது கண்டது. மலைவாசியும் உழவரும் வேறு வேறு வித்திலிருந்து முளைத்தவர்கள் அல்லர்.

2019இல் ‘சயன்ஸ்’ இதழில் நரசிம்மன் முதலானோர் வெளியிட்ட ஆய்வில் பளியருக்குத் தனி இடம் உண்டு. 523 பழங்கால மனிதர்களின் டி.என்.ஏ.வையும் இன்றைய குழுக்கள் பலவற்றின் தரவுகளையும் ஒப்பிட்ட ஆய்வு அது. அதன்படி தென்னிந்தியரின் மூதாதையரில் ஒரு பகுதியினர் இத்துணைக்கண்டத்தின் மிகப் பழைய வேட்டைச் சமூகத்தார். அந்தமானியரோடு இவர்களுக்கு உறவு உண்டு, ஆனால் அது பல பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிளை பிரிந்த தூரத்து உறவு. மற்றொரு பகுதியினர் பழைய ஈரானிய மக்களோடு தொடர்புடையவர்கள். சிந்துவெளி மக்களிடமும் இவ்விரு கூறுகளும் இருந்தன. பளியரிடமும் இவ்விரண்டும் உள்ளன, பழைய வேட்டைச் சமூகத்தின் பங்கு மிகுதியாக. நடு ஆசியப் புல்வெளி மேய்ப்பரின் கூறு மட்டும் மிகக் குறைவு.

கலப்பு நடந்த காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள்? ஒவ்வொரு தலைமுறையிலும் பெற்றோரிடமிருந்து வரும் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. எனவே இரு மூதாதையரிடமிருந்து வந்த நீண்ட பகுதிகள் தலைமுறை செல்லச்செல்லச் சிறிதாகின்றன. துண்டின் நீளத்தை அளந்தால் தலைமுறைகளை எண்ணிவிடலாம். பளியரிடம் இக்கணக்கு நூறு தலைமுறைக்குச் சற்று மேலாக, அதாவது கி.மு. 1700க்கும் கி.மு. 400க்கும் இடைப்பட்ட காலமாக அமைகிறது. இது சராசரிக் கணக்கு. முதல் சந்திப்பு இதற்கும் முன்பே நிகழ்ந்திருக்கலாம். தமிழகத்தில் இரும்பும் முதுமக்கள் தாழிகளும் பரவிய காலமும் ஏறத்தாழ இதுவே.

ஆக, மிகத் தொன்மையான வேர் கொண்ட பளியரும் கலந்த மக்களே. தமிழகத்தில் கலவாத குழு எதுவும் இல்லை என்னும்போது ‘தூய்மை’ என்ற அளவுகோலை மலைவாசியிடம் மட்டும் நீட்டுவது முறையன்று.

உரிமையும் சட்டமும்

திருவில்லிபுத்தூர் மலைப்பகுதி 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாகவும் ஆனது. காட்டுக்குள் யார் போகலாம், எதை எடுக்கலாம் என்பது அதனால் அன்றாடக் கேள்வியாகிவிட்டது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இரத்தத்தையோ மரபணுவையோ கேட்பதில்லை. பட்டியல் பழங்குடியினராயின் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டில் வாழ்ந்து, பிழைப்புக்கு அதையே சார்ந்திருந்தார்கள் என்பதைக் காட்டினால் போதும். தமிழகப் பழங்குடியினர் பட்டியலில் பளியர் உள்ளனர். சட்டப்படி இக்கோரிக்கைகள் முதலில் செல்லவேண்டிய இடம் கிராம சபை.